சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்

இலங்கையின் அரசமைப்புச் சட்டத்தைப் பயிலும் மாணவர் எவரும் இனிமேல் தவிர்த்துச் செல்ல முடியாத வழக்கு ஒன்று இருக்கிறது. ‘சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்’ என்பது அதன் பெயர். 2018ஆம் ஆண்டின் 351ஆம் இலக்க அடிப்படை உரிமை மனு அது. நாட்டின் ஜனாதிபதி கலைத்துவிட்ட நாடாளுமன்றத்தை, அக்கலைப்புச் செல்லாது என்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்து மீட்டுக்கொடுத்த வழக்கு. திருகோணமலையில் சட்டத்தரணியாகத் தொழில் செய்த ஒருவரின் பெயர், வாதாடியவர் என்ற இடத்தில் அல்லாமல், நீதி கேட்டு வந்தவர் என்ற இடத்தில் சட்ட அறிக்கைகளில் நிலைத்துவிட்டது.

இராஜவரோதயம் சம்பந்தன் 2024 ஜூன் 30ஆம் நாள் தமது 91ஆவது வயதில் காலமானார். அந்த நாள்களில் புகழுரைகளும் வசையுரைகளும் ஒருங்கே பெருகின. சிலர் அவரைப் பெருந்தலைவர் என்றனர்; சிலர் ஓர் இனத்தை ஏமாற்றியவர் என்றனர். அந்த இரைச்சல் அடங்கிய பிறகே எழுத வேண்டும் என்று நான் காத்திருந்தேன். நாளேட்டுப் பணியில் இருந்த காலம் முழுவதும் அவரைப் பற்றிய செய்திகளைத் திருத்தியும் சுருக்கியும் தலைப்பிட்டும் வந்தவன் நான். அவற்றுள் சிலவற்றுக்கு நான் இட்ட தலைப்புகளை இன்று நினைக்கும்போது கூச்சமாகவே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

என் மனத்தில் உள்ள வினா இதுதான்: சட்டத்தின் மீது நம்பிக்கை வைத்து நடத்தப்பட்ட அந்த நீண்ட அரசியல் வாழ்க்கை, அவரைத் தேர்ந்தெடுத்த ஊருக்கு எதைத் தந்தது?

முதலில் அந்த ஊரைப் பார்க்க வேண்டும். திருகோணமலையின் அழகே அதன் தீவினை என்று சொல்லத் தோன்றுகிறது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அங்கே அமைந்திருக்கிறது. கொட்டியாரக்குடாவின் ஆழ்கடல் நிலத்துக்குள் நுழைந்து, மலைகளால் சூழப்பட்ட உள்துறைமுகமாக விரிகிறது. அதைக் கைப்பற்ற வந்தவர்களின் பட்டியல் நீளமானது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடிகள் மாறின. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தின் மீது குண்டு வீசின. 1933 பெப்ரவரி 5இல் பிறந்த சம்பந்தனுக்கு அப்போது ஒன்பது வயது. பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957இல். சீனன்குடாவில் அவர்கள் விட்டுச் சென்ற எண்ணெய்த் தாங்கிகளில் எஞ்சிய 99ஐப் பற்றிக் கொழும்பும் புதுதில்லியும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கின்றன. 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இத்துறைமுகமும் இத்தாங்கிகளும் இடம்பெற்றன. துறைமுகத்தைப் பற்றி உலகம் எழுதிக்கொண்ட ஆவணங்கள் பல. அக்கரையில் வாழும் மக்களைக் கேட்டு எழுதப்பட்டது எது என்று தேடினால் கிடைப்பது அரிது.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த நிலத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. கந்தளாயிலும் அல்லையிலும் அரசின் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. 1976இல் தொகுதி எல்லைகள் மீள வகுக்கப்பட்டபோது சேருவில என்ற புதிய தொகுதி மாவட்டத்தில் பிறந்தது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக இருந்தனர். 2012இல் முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தனர். தமிழர் சுமார் முப்பத்தொரு விழுக்காடு, சிங்களவர் சுமார் இருபத்தேழு விழுக்காடு. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் தமிழரின் பங்கைக் குறைத்தன. யாழ்ப்பாணத்தில் அரசியல் செய்வதற்கும் திருமலையில் அரசியல் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இந்த எண்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தலைவர் தன் மக்களிடம் மட்டும் பேசினால் வெல்லலாம். திருமலைக்காரர் ஒவ்வொரு நாளும் இரண்டு அயலவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சம்பந்தனின் குரல் கடைசிவரை அளந்தே ஒலித்ததற்கு அவருடைய சட்டப் பயிற்சி ஒரு காரணம் என்றால், அவருடைய தொகுதி மற்றொரு காரணம்.

இலங்கைத் தமிழரின் அரசியல், தொடக்கம் முதலே சட்டம் கற்றவர்களின் அரசியல். ஜி. ஜி. பொன்னம்பலம், எஸ். ஜே. வி. செல்வநாயகம், மு. திருச்செல்வம், அ. அமிர்தலிங்கம், மு. சிவசிதம்பரம், நீலன் திருச்செல்வம் என்று பெயர்களை அடுக்கினால் அனைவரும் கறுப்பு அங்கி அணிந்தவர்களே. அக்காலத்தில் அப்புக்காத்து, பிரக்கிராசியார் என்று இரு வகையினர் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் சட்டமொன்றே இரு வகையினரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தது. ஊர்ச் சனங்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் பிரக்கிராசியார் என்றே அழைத்தனர். காணித் தகராறு, உறுதி எழுதுதல், பிணை எடுத்தல் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடமே ஓடினர். அவ்வாறு ஓடிய மக்கள் தமது அரசியல் வழக்கையும் அவர்களிடமே ஒப்படைத்தது வியப்பன்று.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, மொறட்டுவை புனித செபஸ்தியார் கல்லூரி ஆகியவற்றிலும் பின்னர் இலங்கைச் சட்டக் கல்லூரியிலும் பயின்ற சம்பந்தன், 1956இல் தமிழரசுக் கட்சியில் சேர்ந்தார். அந்த ஆண்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தமிழரசுக் கட்சி தன் தொண்டர்களைத் திருமலைக்கு யாத்திரையாக அழைத்துச் சென்று அங்கே மாநாடு கூட்டியது. கூட்டாட்சி அரசமைப்பு வேண்டும் என்ற கோரிக்கையை ஓராண்டுக் காலக்கெடுவோடு முன்வைத்த தீர்மானம் பிறந்தது அந்த மாநாட்டில்தான். மறு ஆண்டு ஜூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தத்துக்கு அந்தக் காலக்கெடுவே தூண்டுதல். அந்த ஒப்பந்தம் 1958இல் கைவிடப்பட்டதும் நாமறிந்ததே.

இங்கே ஒரு வரலாற்று விந்தையைக் குறிப்பிட வேண்டும். இலங்கைக்குக் கூட்டாட்சி வேண்டும் என்று முதன்முதலில் உரத்துச் சொன்னவர்களுள் ஒருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவேதான். 1926இல், ஒக்ஸ்ஃபோர்ட்டிலிருந்து திரும்பிய இளைஞராக, யாழ்ப்பாணத்தில் அவர் ஆற்றிய உரையில் எடுத்துக்காட்டாகச் சுட்டிய நாடு சுவிட்சர்லாந்து. சிறிய நாடுதான், ஆயினும் பல இனத்தவர் வாழும் அந்நாட்டில் ஒவ்வொரு கன்ரனும் தன் அலுவல்களைத் தானே பார்த்துக்கொள்கிறது என்று அவர் வாதிட்டார். முப்பது ஆண்டுகளின் பின் அவரே சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

சூரிச்சிலும் பேர்ணிலும் இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்கள் தம் கண்முன்னே காண்பது வேறொரு காட்சி. 26 கன்ரன்கள், நான்கு மொழிகள், 1848இல் வகுக்கப்பட்ட கூட்டாட்சி அரசமைப்பு. அங்கே ஒரு சட்டத்தரணி அரசியலுக்கு வந்தால் பெரும்பாலும் தன் ஊராட்சியில் தொடங்குகிறார். கன்ரன் சபைக்குப் போகிறார். பின்னர் பேர்ணுக்குச் செல்கிறார். நாடாளுமன்ற உறுப்பினரான பிறகும் தன் தொழிலைத் தொடர்பவர்கள் பலர். தன் மொழிக்கும் மண்ணுக்கும் இடம் உண்டா என்ற வழக்கை அவர் நடத்த வேண்டியதில்லை. அது முன்னரே தீர்ந்துவிட்டது. ஆகவே வரியைப் பற்றியும் வீதியைப் பற்றியும் ஓய்வூதியத்தைப் பற்றியும் அவரால் பேச முடிகிறது. திருமலைச் சட்டத்தரணியோ, சுவிட்சர்லாந்துக்காரர் நின்று பேசும் அந்தத் தரையைக் கேட்டே தன் ஆயுளைச் செலவிட்டார்.

1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராகத் திருகோணமலைத் தொகுதியில் சம்பந்தன் வென்றார். கூட்டணி 18 இடங்களைப் பெற்றது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனிநாட்டுக்கான வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறி ஓராண்டே ஆகியிருந்தது. தனிநாடு கேட்டு வென்றவர்கள், அந்நாட்டின் எதிர்க்கட்சி ஆசனத்தில் அமர்ந்து சட்டமூலங்களுக்குத் திருத்தங்கள் கொண்டுவந்தனர். இம்முரண்பாட்டை இளைஞர்கள் அன்றே சுட்டிக்காட்டினர். 1981இன் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்றபோது அந்தக் கசப்பு வளர்ந்தது.

பிறகு 1983. கொழும்பு எரிவதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், திருகோணமலையில் தமிழர் தாக்கப்பட்டனர். ஜூலைப் படுகொலைகளின் பின் ஆகஸ்டில் அரசமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். செய்யாதவர் ஆசனத்தை இழப்பார். கூட்டணியினர் ஏற்கெனவே சபையைப் பகிஷ்கரித்திருந்தனர். அந்த ஆண்டிலேயே அவர்களின் ஆசனங்கள் பறிபோயின. வாக்காளர் கொடுத்ததைச் சட்டம் எடுத்துக்கொண்டது.

அந்தச் செய்தி வந்த இரவில் நான் செய்தி மேசையில் இளநிலை உதவி ஆசிரியனாக இருந்தேன். திருமலை உறுப்பினர் ஆசனம் இழந்தார் என்பதை ஒரு பத்தியின் அடியில் மூன்று வரிகளாகச் சுருக்கினேன். எரிந்த வீடுகளும் அகதி முகாம்களும் பக்கங்களை நிறைத்திருந்த காலம் அது. ஓர் ஆசனம் பெரிதாகத் தோன்றவில்லை. பேச்சுவார்த்தை அரசியலின் கதவு மூடப்பட்ட செய்தியைத்தான் மூன்று வரிகளாகச் சுருக்கினேன் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

அதன்பின் சென்னை வாசம். 1985இல் பூட்டானின் தலைநகர் திம்புவில் பேச்சுவார்த்தை நடந்தபோது கூட்டணியின் சார்பில் அமர்ந்தவர்கள் மூவர்: அமிர்தலிங்கம், சிவசிதம்பரம், சம்பந்தன். மூவரும் சட்டத்தரணிகள். 1989 ஜூலை 13இல் அமிர்தலிங்கம் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். சிவசிதம்பரம் படுகாயமுற்றுப் பிழைத்தார். 2002இல் சிவசிதம்பரமும் மறைந்தபின் அந்த மூவரில் எஞ்சியவர் சம்பந்தன் மட்டுமே.

1989 தேர்தலில் அவர் வெல்லவில்லை. 1994இல் திருகோணமலையில் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே ஆசனம் அருணாசலம் தங்கத்துரைக்குச் சென்றது. மூதூரின் முன்னாள் உறுப்பினரான தங்கத்துரை, 1997 ஜூலை 5இல் திருமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் விழாவொன்றுக்குச் சென்றிருந்தபோது கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே அதைச் செய்தனர் என்பது பரவலான முடிபு. அந்த வெற்றிடத்துக்குச் சம்பந்தன் வந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தம் ஆசனத்தைப் பறித்த அதே ஆறாம் திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தைச் செய்துகொண்டே அவர் மீண்டும் சபைக்குள் நுழைய வேண்டியிருந்தது. கொல்லப்பட்ட நண்பரின் இருக்கை ஒரு பக்கம், மறுத்த சத்தியம் மறுபக்கம். இதை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்குவோர் உளர். அப்போது யாருமே போகாதிருந்தால் திருமலைத் தமிழரின் குரல் எங்கே ஒலித்திருக்கும் என்று கேட்போரும் உளர். அந்த வினாவுக்கு 2000ஆம் ஆண்டுத் தேர்தல் விடையளித்தது. வாக்குகள் சிதறின, திருகோணமலை மாவட்டத்தில் ஒரு தமிழர்கூடத் தெரிவாகவில்லை.

அந்தத் தோல்வி கற்பித்த பாடமே 2001 அக்டோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாகக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் சம்பந்தன் மீண்டும் வென்றார். 2004இல் அவருடைய தலைமையில், தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில், கூட்டமைப்பு 22 இடங்களைப் பெற்றது. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. விடுதலைப் புலிகளே தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் என்று கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. அமிர்தலிங்கத்தையும் தங்கத்துரையையும் நீலன் திருச்செல்வத்தையும் இழந்த கட்சியின் தலைவர், அந்தக் கொலைகளைப் பற்றி அக்காலத்தில் வாய் திறக்கவில்லை. உயிர் அச்சமா, ஒற்றுமையின் தேவையா, மக்கள் மனநிலையா என்று அவரவர் விளக்கம் சொல்லலாம். அவருடைய வாழ்க்கைக் கணக்கை எழுதும் எவரும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுத முடியாது.

2006இல் சட்டம் திருமலையை மூன்று முறை சோதித்தது. ஜனவரி 2ஆம் நாள் மாலையில், கடற்கரையில் காந்தி சிலையருகே கூடியிருந்த மாணவர்களில் ஐவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று சொல்லப்பட்டது. அவர்கள் மிக அருகிலிருந்து சுடப்பட்டனர் என்பதைக் காட்டிய புகைப்படங்களை எடுத்தவர் திருமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அந்த மாதம் 24ஆம் நாள் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அந்தக் காலையை மறக்கமாட்டோம். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். எவரும் தண்டிக்கப்படவில்லை. அக்டோபர் 16ஆம் நாள், வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்த ஜனாதிபதி ஜெயவர்தனவின் கட்டளை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (தமிழகத்து வாசகர்களுக்காக: இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒப்பானதை இலங்கையில் உயர் நீதிமன்றம் என்போம்.) இணைப்பு நடைமுறை பிழை என்றது சட்டம், 1987 உடன்படிக்கையின் பயனாகத் தமிழர் கையில் எஞ்சியிருந்த பெரும்பொருள் அந்த ஒரு வாசகத்தில் மறைந்தது. 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் இரண்டாயின.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் சட்டத்தை நம்புவாரா? 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது சம்பந்தனுக்கு வயது 76. கையில் ஆயுதமும் இல்லை, பேரம் பேச வலுவும் இல்லை. அவரிடம் இருந்தது வாதம் ஒன்றே. பிரிக்கப்படாத நாட்டுக்குள் அதிகாரப் பகிர்வு என்ற 1956ஆம் ஆண்டுக் கோரிக்கைக்கு அவர் திரும்பினார். 2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில் சிங்கக் கொடியை ஏந்தினார். 2015இல் சுதந்திர தின விழாவுக்குச் சென்றார். இரண்டும் தமிழரிடையே கடும் சினத்தைக் கிளப்பின. 2015 செப்டெம்பர் 3ஆம் நாள், அமிர்தலிங்கத்துக்குப் பின் முதன்முறையாக ஒரு தமிழர் இலங்கையின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அந்த ஆண்டுகளில் புதிய அரசமைப்பு வரும், தீர்வு வரும் என்று அவர் காலம் குறித்துச் சொல்லிவந்தார். 2016 முடிவதற்குள் என்றார், முடிந்தது. தீபாவளி போனது, பொங்கல் போனது. நாங்கள் செய்தியாளர்கள் அதை வைத்துக் கேலித் தலைப்புகள் எழுதினோம். நானும் எழுதினேன். 2017 செப்டெம்பரில் அரசமைப்புப் பேரவையின் வழிப்படுத்தும் குழுவினது இடைக்கால அறிக்கை வெளிவந்தது; அதற்கப்பால் ஓர் அடியும் நகரவில்லை. கேலி பொய்யாகவில்லை. ஆனால் கேலியின் நடுவே நாங்கள் சிறு எழுத்தில் போட்ட இரண்டு செய்திகள் பெரிய எழுத்துக்கு உரியவை.

ஒன்று சம்பூர். 2006 போரில் வெளியேற்றப்பட்டு, பின் உயர் பாதுகாப்பு வலயமாகவும் கைத்தொழில் வலயமாகவும் பறிக்கப்பட்டிருந்த நிலம் அது. 2015இல் 818 ஏக்கரும், 2016இல் கடற்படை முகாமிடமிருந்து 237 ஏக்கரும் மக்களுக்கு விடுவிக்கப்பட்டன. திரும்பிய மக்கள் கண்டது பற்றைக்காடும் இடிந்த சுவர்களும்தான். ஆயினும் அது அவர்கள் நிலம். ஆட்சி மாற்றமும் அம்மக்களின் விடாப்பிடியும் சேர்ந்தே அதைச் சாதித்தன. சம்பந்தனின் இடையறாத வலியுறுத்தலும் அதில் உண்டு.

மற்றொன்று 2017 ஆகஸ்ட் 4ஆம் நாள் வெளியான தீர்ப்பு. தமிழரசுக் கட்சி தனிநாட்டை நோக்கமாகக் கொண்டது என்று அறிவிக்குமாறு, ஆறாம் திருத்தத்தின்கீழ் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்திருந்தார். நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளியது. கூட்டாட்சி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று அது கூறியது. 1956இல் திருமலையில் கேட்கப்பட்டது குற்றமன்று என்று அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்ல அறுபத்தொரு ஆண்டுகள் சென்றன. 1983இல் சம்பந்தனின் ஆசனத்தை வெட்டிய வாள், 2017இல் அவருடைய கட்சியை வெட்ட மறுத்தது.

இனி அந்தப் பெரிய வழக்கு. 2018 அக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்ஷவை நியமித்தார். பெரும்பான்மை கிட்டவில்லை என்று கண்டதும் நவம்பர் 9இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். பத்தொன்பதாம் திருத்தத்தின்படி, சபை முதலில் கூடியதிலிருந்து நாலரை ஆண்டுகள் கழியும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி, ஜனாதிபதி சபையைக் கலைக்க முடியாது. சபை கூடியது 2015 செப்டெம்பர் 1இல். கழிந்தது மூன்று ஆண்டுகளே. கலைக்கும் பொது அதிகாரம் வேறொரு உறுப்புரையில் தனியாக இருக்கிறது என்று அரசு வாதிட்டது. பொது அதிகாரத்தைச் சிறப்பு நிபந்தனை கட்டுப்படுத்துகிறது என்பது மனுதாரர் வாதம். சம்பந்தனுக்காக வாதிட்டவர் ஜனாதிபதி சட்டத்தரணி க. கனக ஈஸ்வரன். நவம்பர் 13இல் இடைக்காலத் தடை. டிசம்பர் 13இல் தீர்ப்பு. கலைப்பு சட்டவிரோதம், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற மனுதாரரின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்றனர் ஏழு நீதியரசர்கள்.

சட்டத்தின் முன் சமம் என்ற சொற்களை அந்த மனுதாரரின் பெயரோடு சேர்த்துப் படித்தபோது நான் சற்று நேரம் அசையாமல் இருந்தேன். அவருடைய ஊரின் ஐந்து மாணவருக்குக் கிட்டாத, மூதூரின் பதினேழு பேருக்குக் கிட்டாத அந்தச் சமத்துவம், இலங்கை நாடாளுமன்றத்தைக் காக்கும் வழக்கில் அவருக்குக் கிட்டிற்று.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 15இல் மகிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியை விட்டார். டிசம்பர் 18இல் சபாநாயகர் அவரையே எதிர்க்கட்சித் தலைவராக அறிவித்தார். தீர்ப்பு வென்ற ஐந்தாம் நாள், வென்றவர் தம் பதவியை இழந்தார். 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டதும் ஒரு டிசம்பர் 18ஆம் நாள்தான். அவர் காத்த பத்தொன்பதாம் திருத்தமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2020இன் இருபதாம் திருத்தம் நாலரை ஆண்டுகளை இரண்டரையாகக் குறைத்தது. ஆயினும், ஜனாதிபதியின் செயல் நீதிமன்றத்தின் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று என்ற நெறி அந்தத் தீர்ப்பில் உறுதிப்பட்டு நிற்கிறது.

இறுதிக்காலம் இனிதாக இல்லை. 2020இல் கூட்டமைப்பு பத்து இடங்களாகக் குறைந்தது, பின்னர் உடைந்தது. முதுமையும் நோயும் அவரைச் சபைக்கு வரவிடவில்லை. பதவி விலகி இளையவருக்கு வழிவிட வேண்டும் என்று கட்சிக்குள்ளேயே குரல் எழுந்தது. அந்தக் குரலில் நியாயம் இருந்தது. தமக்குப் பின் ஒரு வரிசையை உருவாக்காமல் போனது அவருடைய பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். 2024 ஜனவரியில் கட்சியின் தலைமைக்குத் திருமலையில் வாக்கெடுப்பு நடந்தது. அடுத்த மாதமே கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்துத் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றனர். நீதிமன்றத்தை நம்பிய தலைவரின் கட்சி, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய ஊர் நீதிமன்றத்தில் தன்னோடு தானே வழக்காடியது.

2024 ஜூலை 7ஆம் நாள் திருமலையில் அவருடைய இறுதிக்கிரியைகள் நடந்தன. சில மாதங்களின் பின், அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில், அம்மாவட்டத் தமிழர் கட்சிகள் ஒன்றாக நின்று ஓர் ஆசனத்தைத் தக்கவைத்துக்கொண்டன. 2000ஆம் ஆண்டின் பாடத்தை மக்கள் மறக்கவில்லை.

நான் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருகிறேன். கேட்ட கூட்டாட்சி வரவில்லை. இணைந்திருந்த மாகாணம் பிரிந்தது. கொலைகளுக்கு நீதி கிட்டவில்லை. கிடைத்தவை சம்பூரின் சில நூறு ஏக்கர், கூட்டாட்சி கோருவது குற்றமன்று என்ற ஒரு தீர்ப்பு, நாடு முழுவதற்குமான மற்றொரு தீர்ப்பு. அறுபது ஆண்டுக்கால உழைப்புக்கு இது போதுமா என்றால், போதாது. ஆனால் இதே அறுபது ஆண்டுகளில் வேறு வழிகளில் சென்றவர்கள் திருமலை மக்களிடம் எதை விட்டுச் சென்றனர் என்றும் அதே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் நாங்கள் கேலித் தலைப்பு எழுதினோம்.

கூட்டாட்சி கேட்பது பிரிவினையன்று என்ற 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பை இதுவரை எந்தத் தமிழ்க் கட்சியும் ஊர் ஊராகச் சென்று சிங்கள மக்களுக்கு எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. முஸ்லிம் அயலவரோடு அமர்ந்து, இருவருக்கும் பொருந்தும் அதிகாரப் பகிர்வை வரைந்து முடித்ததாகவும் தெரியவில்லை. கிழவர் விட்டுச் சென்ற கோப்பு அது. கொட்டியாரக்குடாவின் கரையில் வாழும் மூன்று இனத்தாருக்கும் அந்தக் கோப்பில் பங்கு உண்டு. அதைத் திறக்கப் போகும் அடுத்த பிரக்கிராசியார் யார் என்பதே இப்போது என் கவலை.